மில் தொழிலாளர்களுக்கும் ஓர் அருங்காட்சியகம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்று யோசிக்கும் வடசென்னைப் பெற்றோருக்கு ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) ரயில் அருங்காட்சியகத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். நாங்கள் குடும்பத்தோடு சென்றிருந்தபோது, பெரம்பூர் ஒர்க் ஷாப்பில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமனார், நீராவி எஞ்சின் சக்கரங்களை இணைக்கும் தடித்த இரும்புத் தண்டைக் காட்டி, பிஸ்டனின் முன்பின் ஓட்டம் எப்படிச் சக்கரச் சுழற்சியாக மாறுகிறது என்று விளக்கியதில், அவருடைய பேத்தி பொம்மை ரயிலையே மறந்துவிட்டாள்.

ரயிலுக்கு வாய்த்த இந்த இடம், எங்கள் பகுதியின் ஆலைகளுக்கு வாய்க்கவில்லை. பக்கிங்ஹாம், கர்நாடிக் என்ற இரு ஆலைகள் 1920-இல் இணைந்து உருவான பி அண்டு சி மில், அதாவது எங்கள் வாய்ச்சொல்லில் பின்னி மில், 1996-இல் மூடப்படும் வரை அதன் சங்குதான் ஓட்டேரிக்கும் புளியந்தோப்புக்கும் கடிகாரம். இணைவதற்கு முன்பே அந்த ஆலைகளின் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பி.பி.வாடியா தலைமையில், திரு.வி.க.வின் துணையோடு பிறந்தது. அந்தச் சங்கத்தின் மீது ஆலை நிர்வாகம் வழக்குத் தொடுத்துப் பெற்ற தடையுத்தரவு எழுப்பிய எதிர்ப்பே 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவகுத்தது. இவ்வளவு நடந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுகின்றன.

ஆகவே வடசென்னையில் ஒரு தொழில் அருங்காட்சியகம் அமைய வேண்டும். 1856 ஜூலை 1 அன்று வாலாஜா ரோடுக்கு ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தின் பழைய கட்டடத்தில் ஒரு கூடம் கிடைத்தாலும் போதும். தறி நாடா, கூலிச் சீட்டு, பின்னி காக்கித் துணி எனப் பல பொருள்கள் இன்னும் வீடுகளில் கிடக்கின்றன. என் தந்தையின் எண் பொறித்த பித்தளை வில்லையை நாங்களே மனமுவந்து தருவோம். 1921 வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் தொழிலாளர்களே சாதியால் பிளவுபட்டு மோதியதையும் அங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். பெருமையை மட்டும் மாட்டிவைப்பதற்கு அருங்காட்சியகம் எதற்கு?

ஆலை மூடப்பட்டபோது இளைஞர்களாக இருந்தவர்களே இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். கட்டடத்துக்கு நிதி ஒதுக்கக் காலம் பிடிக்கும் என்றால், அரசு அருங்காட்சியகங்கள் துறை முதல் வேலையாக ஓட்டேரியிலும் பட்டாளத்திலும் வீடுவீடாகச் சென்று அவர்களுடைய பேச்சை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஓட்டேரி, சென்னை – 12.