ஓ என்று எழுதுமுன் மூன்றாவது டியூப்பையும் பாருங்கள்

தமிழ்நாட்டின் இரத்த மைய மருத்துவ அலுவலர்களுக்கும் ஆய்வக நுட்புநர்களுக்கும்,

வணக்கம். பாம்பே குரூப் (ஓ இரத்தத்தைக்கூட ஏற்க முடியாத அரிய வகை) இரத்தம் அவசரமாகத் தேவை என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வேண்டுகோள்கள் உங்களுக்குப் புதிதல்ல. இரத்தம் கிடைக்காதது ஒரு பக்கம். கொடுக்கக்கூடியவரையே ஓ குரூப் என்று அட்டை எழுதி அனுப்பிவிடுவது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது, முழுக்க நம் மேசையில் நடக்கிற தவறு.

இந்த வகையை 1952இல் பம்பாயில் பெண்டே குழுவினர் அடையாளம் கண்டார்கள். சிவப்பணுவின் மேலுள்ள அடையாளப் பொருள்களான ஏ, பி ஆன்டிஜென்கள் இரண்டும் எச் ஆன்டிஜென் மேல்தான் உருவாகின்றன. சுவர் இருந்தால்தான் சித்திரம். 19ஆம் குரோமோசோமிலுள்ள எஃப்.யூ.டி.1 ஜீன் இரு பிரதியிலும் பழுதானால் சிவப்பணுவில் எச் உருவாகாது. ஏ, பி ஜீன்கள் இருந்தாலும் அங்கே தெரியாது. ஓ என்று அட்டை வைத்திருக்கும் தாய்க்கு ஏபி குழந்தை பிறப்பது இதனால்தான். அதை வைத்து யாரும் அந்தப் பெண்ணைச் சந்தேகிக்குமுன் எச் பரிசோதனை செய்யுங்கள்.

இந்தியாவில் தோராயமாக 10,000 பேரில் ஒருவர். ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் ஒருவர். இங்கே பரவலாகக் காணும் மாற்றம் அந்த ஜீனின் 725ஆம் இடத்தில் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவின் இந்திய வம்சாவளியினரிடமும் இதுவேதான். அவர்களில் பலர் தமிழகத்திலிருந்து போனவர்களின் வழித்தோன்றல்கள். சொந்தத்தில் திருமணம் செய்யும்போது வாய்ப்பு கூடும். பழுதான ஜீன் நூறில் ஒன்று என்று கொண்டால், அத்தை மகன், மாமன் மகள் ஜோடியின் பிள்ளைக்கு வாய்ப்பு ஏறக்குறைய 7 மடங்கு. அக்கா மகளைக் கட்டினால் 13 மடங்கு.

இனி மேசைக்கு வருவோம். பாம்பே இரத்தம் ஸ்லைடில் ஆன்டி-ஏ, ஆன்டி-பி சோதனைத் திரவங்கள் இரண்டோடும் ஒட்டாது. அதோடு நிறுத்தினால் ஓ. ரிவர்ஸில், அதாவது அவரது சீரத்தைத் தெரிந்த செல்களோடு சேர்த்துப் பார்க்கையில், ஏ செல், பி செல் மட்டும் வைத்தால் இரண்டும் ஒட்டும். அப்போதும் ஓ தான். ஓ செல்லை மூன்றாவது டியூப்பில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும்: பாம்பே சீரத்தில் எச்சுக்கு எதிரான ஆன்டி-எச் இருப்பதால் ஓ செல்லும் ஒட்டும். மூன்று ஓ கொடையாளர்களின் செல்லைக் கலந்து, சலைனில் மூன்று முறை கழுவி, 5% கரைசலாக்குங்கள். 2 சொட்டு சீரம், 1 சொட்டு செல், ஒரு நிமிடம் சுழற்சி. செலவு என்று சொல்ல எதுவுமில்லை.

இதில் இரண்டு இடங்களில் சறுக்குகிறோம். முதலாவது, கட்டி தெரியாமல் மேலே சிவப்பாகத் தெளிந்த நீர் நிற்கும், செல் உடைந்திருக்கிறது. அது பாசிட்டிவ், நெகட்டிவ் அல்ல. இரண்டாவது, ஓ செல் ஒட்டியதும் குளிரில் ஒட்டவைக்கும் கோல்ட் ஆன்டிபாடி என்று ஒதுக்கிவிடுவது. நோயாளியின் சொந்தச் செல்லோடு ஆட்டோ கன்ட்ரோல் வைத்துப் பாருங்கள். கோல்ட் ஆட்டோ ஆன்டிபாடி (தன் செல்லையே தாக்குவது) என்றால் அதுவும் ஒட்டும். பாம்பேயில் ஒட்டாது, மற்ற செல்கள் 37 டிகிரியிலும் ஒட்டும்.

அடுத்து ஆன்டி-எச் லெக்டின், செல்லில் எச் இருக்கிறதா என்று காட்டும் தாவரப் புரதம். சாதாரண ஓ செல் பலமாக ஒட்டும், பாம்பே செல் ஒட்டவே ஒட்டாது. ஓ செல் கன்ட்ரோல் இல்லாமல் இந்த முடிவை நம்பாதீர்கள். பழைய பாட்டில் ஏமாற்றும். செல்லில் எச் இல்லாமல் உமிழ்நீரில் மட்டும் இருந்தால் அது பாரா-பாம்பே என்ற வகை, தனியாக எழுதுங்கள்.

அவசரம் என்றதும் ஓ நெகட்டிவ் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் பாம்பே குரூப் நோயாளிகளின் உயிருக்கே ஆபத்து. ஓ செல்லில்தான் எச் மிக அதிகம். நோயாளியின் ஆன்டி-எச், காம்ப்ளிமென்ட் என்ற இரத்தப் புரதங்களைத் தூண்டி இரத்தக் குழாய்க்குள்ளேயே செல்லை உடைத்துவிடும். கிராஸ்மேட்சில் (கொடையாளர் செல்லை நோயாளி சீரத்தோடு பொருத்திப் பார்ப்பதில்) ஓ பைகள் எல்லாமே ஒட்டுகின்றன என்றால், பத்தாவது பையைத் தேடாதீர்கள், லெக்டினை எடுங்கள்.

உறுதியானதும் உடன்பிறந்தவர்கள் அத்தனை பேரையும் அழையுங்கள். ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அதிலும் ஆர்எச் (பாசிட்டிவ், நெகட்டிவ்) பொருந்த வேண்டும். திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால் நோயாளியின் இரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வைக்கலாம்; ஹீமோகுளோபின் 11க்குக் குறையாமலும், கடைசிப் பை அறுவைக்கு 72 மணி நேரம் முன்பாகவும் இருக்கட்டும்.

இப்படிக் கிடைத்த கொடையாளரை, தேவை இல்லாதபோது முகாமில் இரத்தம் எடுத்து வீணாக்காதீர்கள். சாதாரணக் குளிர்பெட்டியில் அது 35 அல்லது 42 நாள்தான் தாங்கும். ஒருமுறை எடுத்தால் ஆணிடம் 90 நாள், பெண்ணிடம் 120 நாள் கழித்தே மறுபடி எடுக்க முடியும். தொலைபேசி எண்ணைத் தனிப் பதிவேட்டில் எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழைத்து, எண் மாறவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இரத்த மாற்று மருத்துவத் துறையினர் சிலர்