நாட்டிங்ஹாமில் என் பெயர் டக்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். குளிர் பழகிவிட்டது. நாலு மணிக்கே இருட்டுவதுதான் இன்னும் பழகவில்லை. அம்மா கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாயைச் சிக்கனமாக வைத்துத் தின்கிறேன்.

அங்கே எல்லாரும் உன்னை மரியாதையாகக் கூப்பிடுகிறார்களா என்று போனில் கேட்டீர்கள். ஆஸ்பத்திரி வார்டில் பாதிப் பேருக்கு நான் 'டக்', அதாவது வாத்து. சிரிக்காதீர்கள். டிவியில் கிரிக்கெட் பார்த்து நீங்கள் தலையில் அடித்துக்கொள்ளும் அதே டக்தான். 'ஏ அப், மி டக்' என்றால் இந்த ஊரில் 'என்ன மக்ளே, சுகமா?' பஸ் டிரைவர், ரொட்டிக் கடை அம்மா எல்லார் வாயிலும் அதுதான். ஆண் ஆணையே அப்படிக் கூப்பிடுவான். வடசேரிச் சந்தையில் காய்க்காரப் பாட்டி உங்கள் நரைத்த தலையைப் பார்த்துக்கொண்டே "மக்ளே, வெண்டைக்காய் போடட்டா?" என்பாளே, அதே கணக்கு. நாட்டிங்ஹாம், டெர்பி, ஸ்டோக் பக்கம் இது அதிகம். லண்டனிலிருந்து வந்த டாக்டர் ஒருவர் சொல்லிப் பார்த்தார், வாயில் ஒட்டவில்லை.

வார்டில் ஒரு தாத்தா, நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். இந்தப் பக்கத்தின் கடைசிச் சுரங்கமான தோர்ஸ்பியை 2015இல் மூடிவிட்டார்கள். ரத்தம் எடுக்க நரம்பு தேடும்போது பார்த்தேன், புறங்கையில் பச்சை குத்தியதுபோல நீலக் கீறல்கள். வெட்டுக்காயத்துக்குள் கரித்தூள் போய் அப்படியே ஆறிவிட்டதாம். சுரங்கத்தில் எவனாவது 'டக்' என்று கத்தினால் கொஞ்சுகிறான் என்று நின்றுவிடக் கூடாது, தலையைக் குனிய வேண்டும், இல்லையென்றால் மண்டை உடையும் என்றார். அதுதான் மூத்த அர்த்தமும்கூட. தண்ணீரில் முங்குவதைச் சொன்ன பழைய வினையிலிருந்துதான் வாத்துக்கே அந்தப் பெயர். அதற்கு முன்னால் வாத்தை 'எனெட்' என்றிருக்கிறார்கள். அந்தச் சொல் வழக்கொழிந்து போயிற்று. பழைய பப்புகளில் தாழ்வான உத்திரத்தில் 'டக் ஆர் கிரவுஸ்' என்று எழுதியிருக்கும். இரண்டுமே பறவைப் பெயர். ஆனால் சேர்த்துப் படித்தால், 'குனி, இல்லாவிட்டால் இடித்துக்கொண்டு முனகு!' இந்தக் குசும்பு எனக்கு ரொம்பப் பிடித்தது.

இனி உங்கள் டக். பூஜ்யம் வாத்து முட்டை மாதிரி இருக்கிறதென்று 'டக்ஸ் எக்' என்றார்கள், பிறகு முட்டையை விட்டுவிட்டார்கள். நாம் வாத்தை விட்டு முட்டையை வைத்துக்கொண்டோம், கணக்குப் பரீட்சைக்கும் சேர்த்து. 1948இல் ஓவல் மைதானத்தில் தன் கடைசி டெஸ்ட் ஆட்டத்தில் பிராட்மன் வெறும் 4 ரன் எடுத்திருந்தால் சராசரி 100 என்றும், ஹோலிஸ் போட்ட இரண்டாவது பந்தில் டக்கில் போல்டாகி 99.94இல் நின்றார் என்றும் நீங்கள் சொல்வீர்களே, அதைத் தாத்தாவிடம் சொன்னேன். "பூர் டக்" என்றார். பிராட்மனையா, பூஜ்யத்தையா, என்னையா, தெரியவில்லை.

'லேம் டக்', நொண்டி வாத்து என்றும் ஒன்று உண்டு. 18ஆம் நூற்றாண்டு லண்டன் பங்குச் சந்தையில் கடனைக் கட்ட முடியாதவனுக்கு வைத்த பெயர், இப்போது பதவி முடியப்போகும் அமெரிக்க அதிபருக்கு.

டிரென்ட் பிரிட்ஜ் மைதானம் இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். கோடையில் வாருங்கள், டிக்கெட் எடுத்துவைக்கிறேன். முதலில் பாஸ்போர்ட்டைப் புதுப்பியுங்கள், எத்தனை தடவை சொல்வது? பணம் போட்டிருக்கிறேன். பிரஷர் மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

அன்பு மகள்