குடும்ப வரலாறு சங்கம் – செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் ஐயாவுக்கும் வந்திருக்கற கொஞ்சப் பேருக்கும் வராத நிறையப் பேருக்கும் வணக்கம்.

மாசக் கூட்டம் நடந்துச்சு. பொங்கல் விழா நடந்துச்சு. ஆடிப்பெருக்கு டூருக்கு வேன் பாதி காலியாத்தான் போச்சு.

உருப்படியா நடந்தது மேப் வேலைதான், நானே சொல்லிக்க வேண்டியிருக்கு. 1934ல மேட்டூர் டேம் கட்டி முடிச்சப்ப தண்ணிக்குள்ள போன ஊருங்கள்ல இருந்து வந்த குடும்பம்தான் நம்மகிட்ட அதிகம். எல்லாரும் தாத்தா சேலம் ஜில்லான்னு எழுதிக் குடுத்துட்டு சேலத்துல ஒண்ணுமே கிடைக்கலைன்னு வந்து நிக்கறாங்க. காவேரிதாங்க அப்ப எல்லை, கெழக்குக் கரை சேலம் ஜில்லா, மேக்குக் கரை கோயமுத்தூர் ஜில்லா, ஈரோடு ஜில்லா 1979லதான் வந்துச்சு, கோயமுத்தூர்ல இருந்த கொள்ளேகால் தாலுகா 1956ல மைசூர் மாநிலத்துக்கே, அதாவது இப்ப கர்நாடகாவுக்கே, போயிருச்சு. தாத்தா எந்தக் கரைன்னு தெரியாம எந்த ஆபீஸ் படியேறியும் பிரயோசனம் இல்ல.

அதுக்குத்தான் டேமுக்கு முந்தின சர்வே ஷீட்டு, ஒரு மைலுக்கு ஒரு இஞ்சு அளவு, ஸ்கேன் பண்ணி கூகுள் மேப் மேல பொருத்தினேன். ஆத்தை வச்சு பொருத்த வழியில்ல, அது இப்ப டேம் ஏரிக்குள்ள கிடக்கு, பாலமலை சீதாமலை உச்சிய வச்சுத்தான் பொருத்தினது. பண்ணவாடில டேம் தண்ணி எறங்குனா முழுகிப்போன கோயில் நந்தியும் சர்ச் கோபுரமும் தலை காட்டுதே, அந்தப் பக்கத்துல எல்லாம் ஷீட்டுல புள்ளிக்கோடா வண்டிப்பாதை ஆத்தங்கரைக்கு ஓடுது. பாதை கரைல முடிஞ்சா பரிசல் துறை இருந்திருக்கும்னு நெனைச்சு எதிர்க்கரை ஊரையும் தேடிப் பாருங்க, பொண்ணு குடுத்து எடுத்தது அங்கயும் இருக்கலாம்.

இதுக்கு ஊர் பேரு கேட்டு குரூப்ல போட்டா ப்ளூ டிக் மட்டும்தான் வருது. குட் மார்னிங் போட மட்டும் எல்லாருக்கும் நேரம் இருக்கு.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, நோட்டு பொருளாளர்கிட்ட இருக்கு. சந்தா பாக்கி லிஸ்ட்டைப் படிக்க வேண்டாம்னு தலைவர் ஐயா சொல்லிட்டார், அதனால படிக்கல, பையிலதான் இருக்கு.

இடம் குடுத்தவங்க, டீ குடுத்தவங்க, மைக் செட் தம்பி எல்லாருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் மீதி ஷீட்டையும் வாங்கணும், பெரியவங்க இருக்கறப்பவே வீடு வீடாப் போய் கேட்டு எழுதணும். பிரிண்டு, லேமினேஷன் இதுவரைக்கும் என் கைக்காசு, அதை நான் கேக்கல. வேற யாராச்சும் செயலாளரா வந்தா பாஸ்வேர்டு எல்லாம் இப்பவே குடுத்துடறேன். அதுவரைக்கும் சந்தாவை ஜிபேல அனுப்பறவங்க குறிப்புல தாத்தா ஊர் பேரும் எந்தக் கரைன்னும் போட்டுருங்க.