ஒரு சம்மதக் கடிதத்தைப் பற்றி

தஞ்சாவூர்,
14-11-2021.

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாட்களாகின்றன. சின்னவளைப் பள்ளிக்கு அனுப்பப் போகிறீர்களா, இல்லையா என்று ஒரே வரியில் கேட்டிருந்தாய். ஒரே வரியில் பதில் எழுத முடியாததால்தான் இவ்வளவு தாமதம். இன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாரமாகக் கொட்டிய மழை சற்று ஓய்ந்திருக்கிறது. வயலில் தண்ணீர் நிற்கிறது என்று அப்பா காலையில் தொலைபேசியில் புலம்பினார். வீட்டில் எல்லோரும் மதியத் தூக்கத்தில் இருக்கிறார்கள். எழுதுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

அனுப்பினோம். நவம்பர் 1ஆம் தேதி, திங்கட்கிழமை, கொரோனாவால் மூடிக் கிடந்த ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் பத்தொன்பது மாதங்களுக்குப் பிறகு திறந்த அன்றே அனுப்பினோம். ஆனால் அதற்கு முந்தைய பத்து நாட்கள் இந்த வீட்டில் நடந்த பேச்சுவார்த்தையை நீ கேட்டிருந்தால், ஒரு கல்யாணத்தையே முடித்திருக்கலாமே என்று சிரித்திருப்பாய்.

அக்டோபர் கடைசியில் பள்ளியிலிருந்து ஒரு சம்மதக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அச்செடுத்துக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். பிள்ளையை என் சொந்த விருப்பத்தின் பேரில் அனுப்புகிறேன், தொற்று ஏற்பட்டால் அதற்குப் பள்ளி நிர்வாகம் பொறுப்பல்ல என்று அரைப் பக்கத்தில் அழகாக எழுதியிருந்தார்கள். கூட்டுறவு வங்கியில் இருபது ஆண்டுகளாகக் கடன் பத்திரங்களோடு வாழும் என் கணவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "ஜாமீன் கையெழுத்துக்குக்கூட நாங்கள் இவ்வளவு கறாராக எழுத மாட்டோம்" என்றார். வருகை கட்டாயமில்லை, விரும்புகிறவர்கள் அனுப்பலாம், மற்றவர்கள் இணையவழியிலேயே தொடரலாம் என்று அரசும் சொல்லியிருந்தது. கேட்பதற்கு மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால், நோயைப் பற்றி எங்களைவிட அதிகம் அறிந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து, முடிவெடுக்கும் சுமையை மட்டும் எங்கள் மடியில் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றே அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது.

எங்கள் ஊருக்கு இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. பெரியவன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. இந்த ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதி ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தது. அவனும் ஆறு வாரம் போய் வந்தான். மார்ச் நடுவில் எங்கள் மாவட்டத்திலேயே, அம்மாபேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவிகளுக்குத் தொற்று உறுதியானது. அடுத்தடுத்து வேறு பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கண்டுபிடித்தார்கள். சுகாதாரத் துறையினர் பள்ளி வாசலிலேயே மேசை போட்டு உட்கார்ந்து பிள்ளைகளின் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்த படங்கள் எல்லோருடைய கைப்பேசியிலும் சுற்றின. 22ஆம் தேதி முதல் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளை மறுபடி மூடினார்கள். அதன் பிறகு வந்த மே மாதத்தை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று பதிவான அந்த வாரத்தில்தான் சின்ன மாமா போனார். பள்ளி திறந்ததால்தான் அந்த அலை வந்தது என்று நான் சொல்லவில்லை. தேர்தல் கூட்டங்களும் கல்யாண மண்டபங்களும் அப்போது நிரம்பித்தான் இருந்தன. ஆனால் பள்ளி மணியும் ஆம்புலன்ஸ் சத்தமும் இந்த ஊர்க்காரர்கள் மனத்தில் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டுவிட்டன.

இருந்தும் செப்டம்பர் 1ஆம் தேதி உயர் வகுப்புகள் திறந்தபோது பெரியவன் விஷயத்தில் நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. பத்தாம் வகுப்பு என்ற ஒரு சொல் போதும், தமிழ்நாட்டுப் பெற்றோர் எந்த நோய்க்கும் பயப்பட மாட்டார்கள். (அந்தப் பொதுத்தேர்வையே தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ரத்து செய்துவிட்டார்கள் என்பது வேறு கதை.) நான்காம் வகுப்புப் பெண்ணுக்கு அப்படி ஒரு சாக்கு இல்லை. இன்னும் இரண்டு மாதம் வீட்டில் இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று என் கணவர் கேட்டபோது, என்னிடம் சட்டென்று பதில் இல்லை.

பதில் ஓர் இரவு அடுப்படியில் கிடைத்தது. ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் எவ்வளவு என்று தோசை ஊற்றிக்கொண்டே அவளிடம் கேட்டேன். நோட்டும் பென்சிலும் எதிரில் இருந்தன. அவள் நோட்டைப் பார்க்கவில்லை; என் வாயைப் பார்த்தாள். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது: மூன்றாம் வகுப்பு முழுவதும் அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த கைப்பேசிக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தபோது, மிஸ் கேள்வி கேட்கும்போதெல்லாம் திரையில் தெரியாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு விடையை வாயசைத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். பிள்ளை மற்றவர்கள் முன் கூச்சப்படக் கூடாது என்ற நல்லெண்ணம். மிஸ் "வெரி குட்" சொன்னார்கள், நானும் மகிழ்ந்தேன். இரண்டாம் வகுப்பின் கடைசியில் தானாகக் கடன் வாங்கிக் கழித்துக்கொண்டிருந்த பெண், ஒன்றரை ஆண்டில் என் உதட்டைப் படிக்கக் கற்றிருக்கிறாள். அன்று நான் கருக விட்ட தோசை எத்தனை என்று நினைவில்லை.

மறுநாள் எங்கள் தெரு மருத்துவரிடம் போய்க் கேட்டேன். சிறுபிள்ளைகளுக்குப் பெரும்பாலும் லேசாகத்தான் வந்து போகிறது, மிகச் சிலருக்கு மட்டும் தொற்று போன சில வாரங்களுக்குப் பிறகு கடும் காய்ச்சலும் உடல் முழுவதும் அழற்சியும் வருகின்றன, அந்த அறிகுறிகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள் என்று மறைக்காமல் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமான ஐ.சி.எம்.ஆர். ஜூன், ஜூலையில் நாடு முழுவதும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளிலேயே 57 சதவீதம் பேருக்கு எதிர்ப்புப் பொருள் இருந்ததாம். பதினெட்டு வயதுக்குக் கீழ் இங்கே யாருக்கும் இன்னும் தடுப்பூசி போடத் தொடங்கவில்லை. ஆகவே அது நோய் தந்த எதிர்ப்புதான். பள்ளிகள் பூட்டியிருந்த காலத்திலேயே, பாதிக்கு மேற்பட்ட சிறுபிள்ளைகளுக்கு அது வந்து போயிருக்கிறது. நாங்கள் கதவைச் சாத்தி எதைக் காத்தோம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

கடைசியாக மருத்துவர் கேட்ட கேள்விதான் விஷயத்தை அதன் இடத்தில் வைத்தது. "வீட்டில் பெரியவர்கள் யார் இருக்கிறார்கள்?" என்றார். என் மாமியாருக்கு எழுபத்து நான்கு வயது. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை. கோவிஷீல்டு இரண்டு தவணையும் போட்டாயிற்று. சின்னவள் தூங்குவது அப்பாயியின் பக்கத்தில், அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான். பிள்ளையின் பாதுகாப்பு என்று நாங்கள் பத்து நாளாகப் பேசிக்கொண்டிருந்ததெல்லாம் உண்மையில் அத்தையின் பாதுகாப்பைப் பற்றித்தான் என்பதும், அதை வாய்விட்டுச் சொல்ல எங்கள் இருவருக்கும் தைரியமில்லை என்பதும் அப்போதுதான் வெளியே வந்தன. சொன்னால் என்ன ஆகும்? பேத்தியின் படிப்புக்கு நான் தடை என்று அவர் நினைத்துக்கொள்வார், அல்லது என்னைவிடப் படிப்புப் பெரிதா என்று நினைப்பார்.

அவரிடமே சொன்னோம். அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. தன் சிறுவயதில் தெருவில் அம்மை வந்த கதையைச் சொன்னார். அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். அந்த வீட்டுப் பிள்ளை மட்டும் பள்ளிக்கு வராது. அம்மை இறங்கித் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றிவிட்டால் அடுத்த வாரம் எண்ணெய் வழியும் தலையோடு வந்து உட்கார்ந்துவிடும். "இந்த நோய்க்கு மூணாந் தண்ணி எப்பன்னு யாருமே சொல்ல மாட்டேங்குறாங்களே" என்றார். வசந்தி, இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. நோயில்லாத வீடுகளும் சேர்ந்து அடைபட்டன. முடிவு நாள் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவரவர் வீட்டுத் தண்ணீரை அவரவரே ஊற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டார்கள். அத்தை தன் படுக்கையைத் தானே முன் அறைக்கு மாற்றிக்கொண்டார். சன்னல் இரண்டும் திறந்திருக்கின்றன. சின்னவள் இப்போது என்னோடு படுக்கிறாள். முதல் இரண்டு இரவு அழுதாள்.

எங்களுக்கு யோசிக்கவாவது வசதி இருந்தது என்பதையும் எழுத வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் மகன் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. அந்த வீட்டில் ஒரே கைப்பேசி. அது அவன் அப்பாவோடு காலையில் வேலைக்குப் போய்விடும். கல்வித் தொலைக்காட்சியில் அவன் வகுப்புப் பாடம் வரும் நேரத்தில் பெட்டிக்கு முன்னால் உட்கார வைக்க ஆள் இல்லை. சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். பையன் இந்த ஆண்டு பாதியும் தரைக்கு டைல்ஸ் ஒட்டும் கொத்தனாரோடு சிற்றாள் வேலைக்குப் போனான். "அனுப்பப் போறீங்களா அக்கா?" என்று நான் கேட்டதற்கு, அந்தக் கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. "போவட்டும்மா, மத்தியானம் சூடா சாப்புடுவான்" என்றார். என் தம்பி மனைவி, சென்ற மாதம் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலராகப் பெயர் கொடுத்திருக்கிறாள். தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் ஒன்றரை மணி நேரம் சொல்லித்தர வேண்டுமாம். அவனை அங்கே சேர்த்துவிட முயல்கிறேன். கையில் காசு பார்த்த பையன் வருவானா என்பது தெரியவில்லை.

முதல் நாள் சின்னவளுக்குப் போட்டுவிடச் சீருடை இல்லை. இரண்டாம் வகுப்புப் பாவாடை முழங்காலுக்கு மேல் நின்றது. வண்ண உடையில்தான் போனாள். வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்துப் பார்த்தார்கள், கையில் சானிடைசர் ஊற்றினார்கள், ஒரு பெஞ்சில் இரண்டு பேர், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வகுப்பு. மாலையில் அவள் சொன்ன முதல் செய்தி பாடத்தைப் பற்றியதல்ல. "அம்மா, மிஸ் ரொம்பக் குள்ளம்மா!" ஓராண்டு முழுவதும் அந்த ஆசிரியையை மார்புக்கு மேல் மட்டுமே பார்த்தவளுக்கு, அவருக்குக் கால் இருப்பதே புதுச் செய்தியாக இருந்திருக்கிறது.

இத்தனைக்கும் அவள் இதுவரை போனது இரண்டே நாள். திங்கள், புதன், பிறகு தீபாவளி, பிறகு மழை விடுமுறை. இதற்கிடையில் பக்கத்துப் பிரிவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும் பெற்றோர் குழுவில் நள்ளிரவு வரை செய்திகள் குவிந்தன. பரிசோதனையில் கொரோனா இல்லை, மழைக்காலச் சளிக்காய்ச்சல்தான் என்று முடிவு வருவதற்குள் நான்கு பேர் தங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அன்று இரவு நானும் இரண்டு முறை எழுந்து அத்தையின் அறைக் கதவருகே நின்று இருமல் கேட்கிறதா என்று கவனித்தேன்.

உங்கள் சிங்கப்பூரில் சென்ற ஆண்டு ஏப்ரலில் மூடி ஜூன் 2ஆம் தேதி திறந்துவிட்டார்கள் என்றும், இந்த செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளை மறுபடி பத்து நாள் போல வீட்டிலிருந்து நடத்தினார்கள் என்றும் எழுதியிருந்தாய். வாரக் கணக்கில் பேசுகிறாயே என்று பொறாமையாக இருந்தது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் அந்தப் பரிசோதனைப் பெட்டிகளை அங்கே வீடு வீடாகத் தருகிறார்களாமே. பொங்கலுக்கு நீ வருவதானால் நாலைந்து பெட்டி எடுத்து வா. இங்கேயும் மருந்துக் கடையில் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு தும்மலுக்கும் இருநூற்றைம்பது ரூபாய் கட்டாது.

சின்னவள் எழுந்துவிட்டாள், யாருக்கு எழுதுகிறாய் என்று தோளில் தொங்குகிறாள். உன் மகனிடம் ஒன்று கேட்டு எழுதச் சொல்கிறாள். இவர்கள் பள்ளியில் சாப்பாட்டை யாரோடும் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாதாம். அங்கேயும் அப்படித்தானா என்று தெரிய வேண்டுமாம்.

உன் அன்புத் தோழி.