கடலில் எண்ணெய் கசிந்த முதல் நாளிலேயே பல்கலைக்கழக ஆய்வகங்களை அழைக்க நிலையான அரசாணை கோரும் மனு

அனுப்புநர்:
கடல் வேதியியல், கடல் உயிரியல், மீன்வளம், கடல் பொறியியல் துறைகளில் பணிபுரியும் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மற்றும் ஆய்வக அலுவலர்கள்,
சென்னை.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: எண்ணெய்க் கசிவின்போது மாதிரி எடுத்தல், எண்ணெய் எங்கிருந்து வந்தது எனக் கண்டறிதல், கரைத் துப்புரவு ஆலோசனை ஆகிய பணிகளுக்குப் பல்கலைக்கழக ஆய்வகங்களை முன்கூட்டியே நியமிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர் திட்டத்தின்படி நடுக்கடலில் நடவடிக்கை எடுப்பது கடலோரக் காவல்படை. எண்ணெய் கரையைத் தொட்டுவிட்டால் சுமை மாநில அரசுடையது. 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தபோதும் இதுதான் நடந்தது. இரண்டு முறையும் கரையில் முதலில் இறங்கியவை வாளியும் குவளையும்தான்.

ஆள் இல்லாமல் அல்ல. அண்ணா பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம், சென்னை ஐ.ஐ.டி., பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம், நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகம், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி என்று கரை நெடுக ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் இவர்களுக்கு அழைப்பு வருவது குழு அமைத்துக் கடிதம் அனுப்பிய பிறகு. எண்ணெய் அதுவரை காத்திருப்பதில்லை.

முதலில் மாதிரி எடுப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் சரிசெய்ய முடியாதது இது ஒன்றே. எந்தக் கப்பலின், எந்த ஆலையின் எண்ணெய் என்பதை சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காணும் ஜி.சி.-எம்.எஸ். கருவியில் ஹோப்பேன், ஸ்டெரேன் என்ற சேர்மங்களின் விகிதத்தை வைத்துச் சொல்லிவிடலாம். மனிதனுக்குக் கைரேகை போல எண்ணெய்க்கு இவை. வெயிலிலும் அலையிலும் மாதக் கணக்கில் கிடந்தாலும் எளிதில் சிதையாது. அப்படியானால் அவசரம் எதற்கு? ஒப்பிடுவதற்கான மாதிரிதான் கைநழுவிப் போகிறது. கப்பல் புதிதாக எரிபொருள் ஏற்றிக்கொண்டாலோ துறைமுகத்தை விட்டுப் போனாலோ தொட்டி மாதிரி கிடைக்காது. ஆலைக்குள் வடிகாலைக் கழுவிவிட்டாலும் அதே கதைதான். எண்ணெய் இன்னும் சென்று சேராத கரையில் அன்றே சேறு எடுத்து வைக்காவிட்டால், 'இது பழைய படகு டீசல், ஏற்கெனவே இருந்தது' என்ற வாதத்துக்கு நம்மிடம் பதில் இருக்காது. எண்ணூரில் அந்த வாதம் நிச்சயம் வரும். அங்கே பழைய எண்ணெய் படிந்திருப்பதும் உண்மை.

மாதிரி கெடுவதும் எளிது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் பிடித்த எண்ணெய் நீதிமன்றத்தில் நிற்காது. பாட்டிலின் சேர்மங்கள் எண்ணெயில் கரையும், எண்ணெய் பாட்டிலின் சுவரில் ஒட்டும். கரைப்பான் கொண்டு கழுவிய பழுப்புக் கண்ணாடிப் புட்டி வேண்டும். மூடியின் உட்பக்கம் டெஃப்லான் இருக்க வேண்டும். இருட்டில், 4 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். சேறு என்றால் மேல் 2 சென்டிமீட்டர் மட்டும், எஃகுக் கரண்டியால். மீனை அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும், பாலிதீன் பையில் நேரடியாகப் போடக் கூடாது. எடுத்தவர், வாங்கியவர், நேரம், முத்திரை எண் ஆகியவை கைமாறும் ஒவ்வொரு முறையும் படிவத்தில் ஏற வேண்டும். அந்தச் சங்கிலியில் ஒரு கையெழுத்து விடுபட்டால் பல லட்ச ரூபாய்க் கருவி தரும் முடிவும் வெறும் தாளாகிவிடும்.

அடுத்தது அளவு. 2017-இல் தொடக்கத்தில் மிகக் குறைவாகச் சொல்லப்பட்ட கசிவு பின்னர் ஏறத்தாழ 196 டன் என மதிப்பிடப்பட்டது. 2023-இல் கடலில் சுமார் 20 சதுர கிலோமீட்டருக்குப் படலம் பரவியதாக அறிவிப்பு வந்தது. பரப்பு மட்டும் தெரிந்தால் ஒன்றும் தெரிந்ததாகாது. வெள்ளி மினுமினுப்பாகத் தெரியும் படலத்தின் தடிமன் ஏறத்தாழ 0.1 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 20 சதுர கிலோமீட்டருக்கு அது 2 கன மீட்டர்தான், ஒரு சிறு டேங்கர் லாரி கூட நிரம்பாது. அதே பரப்பு முழுவதும் கறுப்பாக, 200 மைக்ரான் தடிமனில் இருந்தால் 4,000 கன மீட்டர். வானூர்தியிலிருந்தோ டிரோனிலிருந்தோ நிறத்தைப் பார்த்து வகை பிரிக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருந்தால் முதல் நாள் மாலையே நம்பத்தக்க எண் கிடைக்கும். எத்தனை லாரி, எத்தனை ஆள் என்பதெல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பூம் எனப்படும் மிதவைத் தடுப்பைக் கால்வாய்க்குக் குறுக்கே நேராகக் கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. நீர் தடுப்பின் மீது நேராக மோதும் வேகம் வினாடிக்கு 35 சென்டிமீட்டரைத் தாண்டினால் எண்ணெய் துளித்துளியாக அடியில் நழுவிப் போய்விடும். பார்ப்பவருக்குத் தடுப்பு நின்றுகொண்டிருப்பதாகவே தோன்றும். நீரோட்டம் வினாடிக்கு 1 மீட்டர் என்றால், ஓட்டத்துக்கு ஏறத்தாழ 20 டிகிரி சாய்வாகக் கட்டி, எண்ணெயைக் கரையோரம் ஓட்டம் தணிந்த இடத்துக்கு ஒதுக்கி, அங்கே நீரின் மேலுள்ள எண்ணெயை வழித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவியால் எடுக்க வேண்டும். அந்தச் சாய்வில் 100 மீட்டர் அகலக் கால்வாய்க்கு ஏறத்தாழ 300 மீட்டர் பூம் தேவை. கழிமுகத்தில் ஏற்றவற்றத்தால் ஓட்டம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்புவதால் நங்கூரமும் இருபுறமும் வேண்டும். எந்த இடத்தில் ஓட்டம் தணியும் என்பதை அங்கே வலை போடும் மீனவர் எங்கள் கணினி மாதிரியை விடத் துல்லியமாகச் சொல்வார். அவருக்கு நாட்கூலி கொடுத்து உடன் வைத்துக்கொள்ள ஆணையில் இடம் வேண்டும்.

ஃபர்னஸ் ஆயில் எனப்படும் கனமான எரிபொருள் எண்ணெய் அலையில் கலங்கினால் தண்ணீரை உள்வாங்கிக் குழம்பாகும். நான்கில் மூன்று பங்கு தண்ணீர் என்றாகும்போது ஒரு டன் எண்ணெய் நான்கு டன் கசடாகிவிடும், வெல்லப்பாகு போல இறுகும். 2017-இல் கழிவுநீர் உறிஞ்சும் சூப்பர் சக்கர் லாரிகள் திணறியது இதனால்தான். வெற்றிடத்தால் தண்ணீரை இழுக்கலாம், மணல் கலந்த பாகை இழுக்க முடியாது. திருகு வகைப் பம்பும், குழாயைச் சூடாக்க நீராவியும் வேண்டும். இந்த நிலைக்கு வந்த எண்ணெயில், அதை நுண்துளிகளாக உடைத்து நீரில் கலக்கச் செய்யும் சிதறடிப்பான் மருந்து தெளிப்பதும் வீண். ஆழம் குறைந்த கழிமுகத்தில் அது கூடவே கூடாது. எண்ணெயின் பாகுநிலையை, அதாவது எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதை, அளக்க ஆய்வகத்துக்கு அரை மணி நேரம் போதும். அதை அளக்காமல் லாரி அனுப்புவதால் ஒரு பகல் வீணாகும்.

அலையாத்திக் காட்டைப் பற்றி ஒன்று மட்டும்: ஆர்வத்தில் உள்ளே ஆட்களை இறக்க வேண்டாம். மிதிபடும் எண்ணெய் சேற்றுக்குள் போய் ஆண்டுக் கணக்கில் கிடக்கும். நீர் வற்றும் நேரத்தில் குறைந்த அழுத்தத்தில் கடல்நீர் விட்டு வெளியே கழுவுவதே வழி, மூச்சுவேரில் எண்ணெய் பூசியிருந்தாலும் வெட்டக் கூடாது. எண்ணெய் அப்பிய கூழைக்கடாவைப் பிடித்ததும் கழுவுவதும் தவறு. முதலில் சூடும் நீர்ச்சத்தும் கொடுத்துத் தேற்ற வேண்டும். கால்நடைப் பல்கலைக்கழகத்தை இதற்குப் பொறுப்பாக்கலாம்.

மீன் விற்பனையில் இழப்பு எண்ணெயை விட வதந்தியால் அதிகம். மேடையில் மீன் சாப்பிட்டுக் காட்டினால் சந்தை நம்புவதில்லை. மீன் தன் உடலுக்குள் சென்ற பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் என்ற எண்ணெய் நச்சுகளைப் பெரும்பாலும் சிதைத்து வெளியேற்றும். மட்டியும் ஆளியும் தேக்கி வைக்கும். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே தடை விதிப்பதோ ஒரே நாளில் எல்லாவற்றையும் திறப்பதோ சரியல்ல. இனம் வாரியாகச் சோதனை முடிவை அறிவித்தால் மீனவருக்கும் வாங்குபவருக்கும் நியாயம்.

புதுக் கட்டடமோ புது நிறுவனமோ நாங்கள் கேட்கவில்லை. கேட்பது ஓர் அரசாணை. வடக்கே சென்னை, நடுவே பரங்கிப்பேட்டையும் நாகப்பட்டினமும், தெற்கே தூத்துக்குடி என மூன்று மண்டலங்களுக்கு ஆய்வகங்களைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தொலைபேசியில் அழைத்தாலே குழு புறப்படலாம் என்றும், துறைமுகம், ஆலை, காப்புக்காடு ஆகியவற்றினுள் நுழையவும் தொட்டி மாதிரி எடுக்கவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலருடன் அவர்களுக்கு உரிமை உண்டு என்றும் ஆணையில் இருக்க வேண்டும். நுழைவு அனுமதிக்கு வாயிலில் காத்திருந்தே முதல் நாள் போய்விடும் என்பதால் இந்த ஒரு வரி எங்களுக்கு மற்றெல்லாவற்றையும் விட முக்கியம்.

14 கடலோர மாவட்டங்களிலும் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மாதிரிப் பெட்டி வைக்கலாம்: 1 லிட்டர் பழுப்புப் புட்டி 24, அகல வாய்க் கண்ணாடி ஜாடி 24, எஃகுக் கரண்டி, அலுமினியத் தாள், நைட்ரைல் கையுறை, ஐஸ் பெட்டி, முத்திரைகள், படிவங்கள். சாதாரண ரப்பர் கையுறை கூடாது, எண்ணெயில் ஊறிக் கிழியும். பழவேற்காடு, எண்ணூர், கடலூர், பிச்சாவரம், மன்னார் வளைகுடா ஆகிய இடங்களில் பருவமழைக்கு முன்னும் பின்னுமாக ஆண்டுக்கு இருமுறை அடிப்படை மாதிரி எடுத்து வைக்க ஒரு சுழல்நிதியும் வேண்டும். கசிவுக்குப் பின் ஆகும் நியாயமான கண்காணிப்புச் செலவைக் கப்பல் உரிமையாளரின் காப்பீட்டிலிருந்து திரும்பப் பெற, இந்தியா இணைந்துள்ள பங்கர் எண்ணெய் (கப்பலின் சொந்த எரிபொருள்) மாசு உடன்படிக்கை வழி செய்கிறது. கோருவதற்குப் பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு, ரசீதும் மாதிரி கைமாறிய படிவமும் அதற்கு முக்கியம்.

2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலில் மட்டும் 367 டன் ஃபர்னஸ் ஆயில் இருந்தது. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரிக் கரை வரை வந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒரு நாள் நேரம் ஒதுக்கினால், வரைவு ஆணையும் மாதிரிப் படிவமும் ஆய்வகங்களின் கருவிப் பட்டியலும் கொண்டுவந்து நேரில் விளக்கத் தயாராக உள்ளோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்குறித்த ஆசிரியர்கள் மற்றும் ஆய்வக அலுவலர்கள்

நகல்:
உறுப்பினர் செயலர், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்
ஆணையர், மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை