‘வழித்தடம் இயக்கப்படுகிறது’ என்ற பதில் போதாது

ஆசிரியருக்கு,

ஊருக்கு வந்துகொண்டிருந்த டவுன் பஸ் வரவில்லை என்று மனு கொடுத்தால், “மேற்படி வழித்தடம் தொடர்ந்து இயக்கப்பட்டு வருகிறது” என்று போக்குவரத்துக் கழகத்திலிருந்து பதில் வரும். அந்தப் பதிலில் பொய் கிடையாது. ஒரு வழித்தடத்தை அடியோடு ரத்து செய்வது அபூர்வம். நடைகள்தான், அதாவது பஸ் வந்துபோகும் தடவைகள்தான், ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். முதலில் இரவுக் கடைசி நடை, அப்புறம் மதிய நடை, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை முழுவதும். ஆறு நடை வந்த ஊருக்கு இரண்டு நடை வந்தாலும் ஏட்டில் அது பஸ் வசதி உள்ள ஊர்தான்.

நடை குறைவதற்குப் பலரும் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு. பார்ப்பதற்கு நல்ல காரியமாகத் தெரியும் வழித்தட நீட்டிப்புதான் அது. பஸ் நிலையத்திலிருந்து 18 கிலோமீட்டரில் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வோம். போக 50 நிமிடம், அங்கே நின்று எடுக்க 10 நிமிடம். திரும்பி வரவும் அதே கணக்கு. போய்வர 2 மணி நேரம். காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரையுள்ள 16 மணி நேரத்தில் டீசல், சாப்பாடு, ஷிப்ட் மாற்றம், டெப்போவுக்குப் போய்வரும் காலி ஓட்டம் ஆகியவற்றுக்கு 2 மணி நேரத்தைக் கழித்தால் மீதி 14 மணி நேரம். ஏழு தடவை போய்வரலாம். இப்போது இன்னும் 3 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊர் வரை பஸ்ஸை நீட்டிக்கிறார்கள். குண்டும் குழியுமான சாலை. போக 10 நிமிடம், வர 10 நிமிடம் கூடுகிறது. 2 மணி நேரம் 2 மணி 20 நிமிடமாகிறது. அதே 14 மணி நேரத்தில் ஆறு தடவைக்கு மேல் முடியாது. வண்டியும் கூடவில்லை, ஆளும் கூடவில்லை என்றால் வழியிலுள்ள அத்தனை ஊர்களுக்கும் ஒரு நடை போய்விட்டது என்று பொருள். கொடியசைக்கும் நிகழ்ச்சியில் இதை யார் சொல்லப்போகிறார்கள்?

போன நடையோடு இது முடிவதில்லை. மிச்சமுள்ள ஆறு நடைகளின் நேரமும் நகரும். 8.05க்கு வந்த பஸ் 8.40க்கு வரத் தொடங்கினால் டவுனுக்கு 9.30க்குத்தான் போய்ச் சேரும். 9.15க்கு மணி அடிக்கும் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அந்த பஸ் ஓடினாலும் ஒன்றுதான், ஓடாவிட்டாலும் ஒன்றுதான். நீட்டிப்பே வேண்டாம் என்பதல்ல வாதம். நீட்டிக்கும்போது புதிய ஓட்ட நேரத்தையும் விடுபடப்போகும் நடையையும் முன்கூட்டியே சொல்லட்டும். காலையிலும் மாலையிலும் ஒரு நடையை மட்டும் நீட்டித்தால் கூடுதல் நேரம் 40 நிமிடத்தோடு நிற்கும். நேரத்தைக் கொஞ்சம் இழுத்துப்பிடித்தால் ஏழு நடையும் தப்பிக்கும்.

அடுத்தது ஆள் பிரச்சினை. தொழிலாளர் சட்டப்படி ஒருவரிடம் வழக்கமாக நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை வாங்கலாம். ஓட்டுநர் ஒருவர் திடீர் விடுப்பு எடுத்து, பதிலுக்கு ஆள் இல்லையென்றால் ஏதாவது ஒரு வண்டி நின்றாக வேண்டும். வெளியூர்களுக்கு ஓடும் மப்சல் பஸ்ஸை நிறுத்தினால் அன்றைய வசூல் அடிபடும், பஸ் நிலையத்தில் சத்தம் எழும். கிராமத்து டவுன் பஸ்ஸை நிறுத்தினால் புளியமரத்தடியில் நாலு பேர் காத்திருந்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடிப்பார்கள். டெப்போவை நடத்தும் கிளை மேலாளர் எதை நிறுத்துவார் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை, தைப்பூசத்துக்குப் பழனி, தீபாவளி, பொங்கல் என்று ஸ்பெஷல் விடும் நாட்களிலும் முதலில் கைவைக்கப்படுவது இந்த நடைகளில்தான்.

இரவு தங்கல் பஸ்ஸின் கதை வேறு. வண்டி ஊரிலேயே படுத்து விடியற்காலை கிளம்பினால் இரவுக் கடைசி நடை, காலை முதல் நடை இரண்டும் ஊருக்குக் கிடைக்கும். தங்கலை எடுத்துவிட்டால் இரவில் 18 கிலோமீட்டரும் காலையில் 18 கிலோமீட்டரும் காலியாக ஓட்ட வேண்டும். அதற்கு எந்தக் கிளையும் ஒப்பாது என்பதால் இரண்டு நடையும் சேர்ந்தே போகும். தங்கல் நிற்பதற்கு வசூலை மட்டும் காரணம் சொல்ல முடியாது. ஓட்டுநரும் நடத்துநரும் கொசுக்கடியில் சீட்டில் படுத்து, காலைக்கடனுக்கு இடம் தேடி அலையும் ஊரில் யார் தங்குவார்கள்? மின்விசிறியோடு ஓர் அறை, கழிப்பறை, தண்ணீர், வண்டி நிற்கும் இடத்தில் ஒரு விளக்கு. இவ்வளவையும் ஊராட்சியே செய்துகொடுக்க முடியும். அதைச் செய்துவிட்டுக் கேட்டால் பேச்சுக்கு வலு இருக்கும்.

வசூல் இல்லை என்ற காரணத்தையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அந்தத் தொகையை அரசு கழகங்களுக்கு ஈடுகட்டுகிறது. ஆகவே பையில் விழும் ரொக்கத்தை வைத்து ஒரு நடையில் கூட்டம் இல்லை என்று முடிவு கட்டுவது தவறு. கட்டணமில்லா டிக்கெட்டுகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். பெண்களும் “காசுதான் இல்லையே” என்று டிக்கெட் வாங்காமல் உட்காரக் கூடாது. டிக்கெட் விழாத பயணம் கணக்கில் வராது. பாஸில் போகும் மாணவர்களின் நிலையும் பல நடைகளில் இதுதான். படிக்கட்டு வரை தொங்கிக்கொண்டு போகும் காலை நடையே டிக்கெட் மெஷினில் காலி பஸ்ஸாகத் தெரியக்கூடும். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் எழுதி வாங்கி மனுவோடு இணைப்பது நல்லது.

டவுன் பஸ் போர்டைக் கழற்றிவிட்டு அதே வண்டியை மப்சலாக ஓட்டுவதும் ஒருவகை வெட்டுதான். நேரம் மாறாது, எண்ணிக்கையும் குறையாது. பெண்களுக்குக் கட்டணம் வந்துவிடும், சின்ன நிறுத்தங்கள் போய்விடும்.

நடை குறைந்த ஊர்களுக்கு இப்போது மினி பஸ்ஸைக் கைகாட்டுகிறார்கள். 2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் தொடங்கிவைக்கப்பட்ட புதிய திட்டத்தில் ஒரு தடத்தின் நீளம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர். அதில் 65 சதவீதமாவது பஸ்ஸே போகாத பாதையாக இருக்க வேண்டும். பஸ் பார்க்காத குக்கிராமங்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் ஓட்டுபவர்கள் தனியார். மகளிர் கட்டணமில்லாப் பயணம் அதில் செல்லாது. நிறுத்தப்பட்ட அரசு டவுன் பஸ்ஸுக்கு அதை மாற்றாகச் சொல்வது பொருந்தாது.

மனு எழுதுவோர் “எங்கள் ஊருக்கு பஸ் வசதி வேண்டும்” என்று பொத்தாம்பொதுவாக எழுத வேண்டாம். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும், முதல்வரின் உதவி மைய எண் 1100க்கு அழைத்தாலும் அது கடைசியில் அதே கழகத்துக்குத்தான் போகும். பொத்தாம்பொதுவான பதிலோடு திரும்பும். தட எண், புறப்படும் இடம், நடையின் நேரம், வராத தேதிகள் இந்த நான்கும் இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருவர் நோட்டில் குறித்துவந்தால் போதும். தாமதமாக வந்த நாளில் வாங்கிய டிக்கெட்டையும் எடுத்து வையுங்கள், அதில் தேதியும் நேரமும் அச்சாகியிருக்கும். கிளை மேலாளருக்கு மனு, மண்டலப் பொது மேலாளருக்கு நகல். அடுத்து வரும் கிராமசபையில் நடை நேரத்தைக் குறிப்பிட்டே தீர்மானம் போடுங்கள்.

அப்படியும் பதில் நழுவினால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு இரண்டே கேள்விகள்: இந்தத் தட எண்ணுக்கு இன்றைய தேதியில் உள்ள நடை நேர அட்டவணை என்ன? கடந்த மூன்று மாதங்களில் இயக்கப்படாத நடைகள் தேதிவாரியாக எவை, பதிவான காரணம் என்ன? 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

இந்த அட்டவணையை ஒவ்வொரு வழித்தடத்தின் கடைசி நிறுத்தத்திலும் கழகங்களே எழுதி வைத்து, மாற்றம் செய்யும்போது 15 நாள் முன்னதாக ஊராட்சிக்குத் தெரிவித்துவிட்டால் பாதி மனுக்களுக்கு வேலையே இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்