நான்காம் ஆண்டு சம்பளம் யார் தருவார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வேளாண் படிப்பு என்றாலே பி.எஸ்சி. அக்ரி மட்டும்தான் என்று பெற்றோர் முண்டியடிக்கிறோம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண் வணிக மேலாண்மைக்குத் தனிப் பட்டப்படிப்பே இருக்கிறது. என் மகள் அதில்தான் படிக்கிறாள். 'வியாபாரம் படிக்கக் கோயம்புத்தூர் எதுக்கு?' என்று கேட்காத உறவினர் இல்லை.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். தக்காளி விலை ஏறினால் அடுத்த பருவத்தில் ஊரே தக்காளி நடும். வரத்து குவிந்ததும் பறிப்புக் கூலிகூடத் தேறாமல் சாலையோரம் கொட்டுவோம். போன பருவத்து விலையைப் பார்த்து அடுத்த பயிரை முடிவு செய்வதால் வரும் வினை இது. இதற்காகவே பல்கலைக்கழகம் விதைப்புக்கு முன் விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அது எத்தனை விவசாயிகளுக்கு எட்டுகிறது என்பது வேறு கதை.

விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் 10,000 அமைப்பதாக மத்திய அரசு 2020-இல் திட்டம் தொடங்கியது. நிறுவனம் என்றால் கணக்கு, கிடங்கு, கடன், வாங்குவோரிடம் பேரம் எல்லாவற்றுக்கும் படித்த ஆள் வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 3 ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை உதவியும் உண்டு. சரி, நான்காம் ஆண்டு மேலாளர் சம்பளத்துக்கு என்ன வழி? இதைப் படித்த பிள்ளைகள் வங்கிக்கும் பூச்சிமருந்து கம்பெனிக்கும் போனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மேலும் 2 ஆண்டுகளுக்கு மேலாளர் சம்பளத்தை மாநில அரசு ஏற்கலாம். இறுதியாண்டு மாணவர்களை ஓர் அறுவடைக் காலம் முழுக்க இந்த நிறுவனங்களில் வேலை செய்ய வைக்கலாம்.

– ஒரு மாணவியின் தந்தை, ஒட்டன்சத்திரம்.